மூலக்கூறுத் திரைப்படம்: பெயரும் பொருளும்

விஞ்ஞானத்தில் சில பெயர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறக்கின்றன, செய்தித்தாள்களில் வளர்கின்றன, இறுதியில் பாடப்புத்தகத்தில் குடியேறிவிடுகின்றன. 'மூலக்கூறுத் திரைப்படம்' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. ஒளி பட்டவுடன் ஒரு மூலக்கூறு எவ்வாறு உருமாறுகிறது என்பதை எக்ஸ்-கதிர்களாலோ எலக்ட்ரான்களாலோ பின்தொடர்ந்து அறியும் ஆராய்ச்சிக்கு இப்பெயர் வழங்குகிறது. இத்துறையில் ஒரு புதிய முடிவு வெளியாகும்போது அத்துடன் அசையும் படம் ஒன்றும் வெளியாகிறது. அதில் வண்ண உருண்டைகள் சில கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மின்னல் அடிக்கிறது. கம்பி ஒன்று அறுகிறது. வளையமாக இருந்தது சங்கிலியாக விரிகிறது. இதைக் காண்பவர், ஏதோ ஒரு நுண்ணிய படப்பெட்டியை மூலக்கூறுக்கு எதிரே நிறுத்தி எடுத்த படம் போலும் என்று எண்ணிக்கொள்வது இயல்பே.

அந்த எண்ணம் சரியா? சரியன்று எனில், எந்த அளவுக்குச் சரியன்று? இந்தப் படங்களில் அளவீடு எவ்வளவு, கணக்கு எவ்வளவு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையின் சாதனையைக் குறைத்துக் கூறுவது நம் எண்ணமன்று. சாதனை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக அறிந்தால்தான் அதைச் சரியாகப் போற்ற முடியும்.

எவ்வளவு சிறிய காலம்?

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்குகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பங்கே ஒரு ஃபெம்டோவிநாடி. ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதே ஒளி 100 ஃபெம்டோவிநாடியில் கடக்கும் தூரம் 30 மைக்ரான்தான். நம் தலைமயிரின் பருமனைக் காட்டிலும் குறைவு.

மூலக்கூறுக்குள் அணுக்கள் அசையும் காலமும் இத்தகையதே. ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் ஒருமுறை விலகி மீண்டும் நெருங்க ஏறத்தாழ 8 ஃபெம்டோவிநாடி ஆகிறது. கனமான அயோடின் மூலக்கூறுக்கு அதே அசைவுக்குச் சுமார் 156 ஃபெம்டோவிநாடி தேவை. பிணைப்பு அறும்போது அணுக்கள் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவிலான வேகத்தில் விலகுகின்றன என்று கொண்டால், 100 ஃபெம்டோவிநாடியில் ஓர் ஆங்ஸ்ட்ராம் தூரம் நகர்ந்திருக்கும். கரிம அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமே சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம்தான். ஆகவே, ஒரு வேதிவினையின் முக்கியமான கட்டம் முழுவதும் இந்தச் சில நூறு ஃபெம்டோவிநாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு விரைவாக மூடித் திறக்கும் படப்பெட்டி உலகில் இல்லை. எனவே விஞ்ஞானிகள் இரண்டு துடிப்புகளைக் கையாளுகிறார்கள். முதல் துடிப்பு லேசர் ஒளி. அது மூலக்கூறைக் கிளர்ந்தெழச் செய்து வினையைத் தொடங்கி வைக்கிறது. இரண்டாவது துடிப்பு, குறித்த காலம் கழித்து வந்து, மூலக்கூறு அப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதை விசாரிக்கிறது. இடைப்பட்ட காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் கடிகாரம் தேவையில்லை. ஓர் ஆடியைச் சிறிது நகர்த்தினால் போதும். ஆடி 15 மைக்ரான் பின்னே சென்றால், போய்த் திரும்பும் ஒளிக்கு 30 மைக்ரான் கூடுதல் பயணம். அதாவது 100 ஃபெம்டோவிநாடி தாமதம்.

லேசர் சொன்னதும் சொல்லாததும்

இம்முறையின் மூலக்கருத்து பழையது. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் நாரிஷ், போர்ட்டர் இருவரும் பளிச்சிடும் விளக்கொளியால் வினையைத் தொடங்கி, மற்றொரு ஒளியால் அதை ஆராய்ந்தனர். 1967-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் இருவரும் பங்குபெற்றனர். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அகமது செவேல் 1987-இல் இதே கருத்தை ஃபெம்டோவிநாடி லேசர்களுக்குக் கொண்டுவந்தார். அயோடின் சயனைடு என்னும் மூலக்கூறில் பிணைப்பு முற்றிலும் அற்றுப்போகச் சுமார் 200 ஃபெம்டோவிநாடி ஆகிறது என்று அவர் குழு காட்டியது. அவருக்கு 1999-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயினும் இந்த லேசர் முறைக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள நகர்வை அத்தகைய அலை நேரே அறிய முடியாது. லேசர் நமக்குச் சொல்வதெல்லாம், மூலக்கூறு எந்த நிறத்தை உட்கொள்கிறது, எந்த ஆற்றல் நிலையில் இருக்கிறது என்பதே. அதிலிருந்து அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கணக்கின் வழியாக ஊகிக்க வேண்டியிருந்தது. 'எப்போது' என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. 'எங்கே' என்ற வினா நின்றது. அதற்கு விடை தேடித்தான் எக்ஸ்-கதிரையும் எலக்ட்ரானையும் நாடினார்கள்.

இரண்டு சாட்சிகள்

குளத்தில் அருகருகே இரண்டு கற்களை எறிந்தால், இரண்டு அலைகளும் சேர்ந்து சில இடங்களில் உயர்ந்தும் சில இடங்களில் அடங்கியும் ஒரு கோலம் உண்டாகிறது. கற்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மாற்றினால் கோலமும் மாறும். அவ்வாறே, ஓர் அலை இரண்டு அணுக்களில் பட்டுச் சிதறும்போது உண்டாகும் கோலத்தில் அவ்வணுக்களின் இடைவெளி பதிவாகியிருக்கும். இதற்கு அலைநீளம் அணு இடைவெளியின் அளவிலோ அதனினும் சிறியதாகவோ இருக்க வேண்டும். எக்ஸ்-கதிருக்கும் விரைந்து செல்லும் எலக்ட்ரானுக்கும் அத்தகுதி உண்டு.

எக்ஸ்-கதிரில் நெடுங்காலம் இருந்த இடர், போதிய ஒளிர்வுள்ள குறுந்துடிப்பு கிடைக்காததே. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும் முடுக்கி நிலையத்தில் 2009-இல் இயங்கத் தொடங்கிய எக்ஸ்-கதிர் லேசர் அக்குறையைப் போக்கியது. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் எலக்ட்ரான் கொத்தை, வடக்கும் தெற்கும் மாறி மாறி அமைந்த நீண்ட காந்த வரிசையினூடே செலுத்தினால், அது பாம்பு போல நெளிந்து செல்கிறது. நெளியும்போது எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. ஒரு துடிப்பில் சுமார் ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்கள் உண்டு. ஜப்பானில் 2011-லும், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரையொட்டி 3.4 கிலோமீட்டர் நீளத்தில் 2017-லும் இவ்வகைக் கருவிகள் தொடங்கின. ஸ்டான்ஃபோர்டு கருவி தொடக்கத்தில் விநாடிக்கு 120 துடிப்புகள் தந்தது. விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் வரை தரும்படி வடிவமைக்கப்பட்ட அதன் புதிய பகுதி 2023 செப்டம்பரில் முதல் எக்ஸ்-கதிரைத் தந்தது.

எலக்ட்ரானின் நிலை வேறு. அது பொருளோடு மிக வலுவாக உறவாடுவது. எக்ஸ்-கதிரைக் காட்டிலும் லட்சம் மடங்குக்கு மேல் வலுவாகச் சிதறுகிறது. ஆகவே சிறிது வாயு இருந்தாலும் போதும். ஆனால் எலக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒரு சிறு கொத்தில் அடைத்தால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, துடிப்பு நீண்டுவிடுகிறது. அவற்றை ஒளியின் வேகத்தில் 99 விழுக்காடு அளவுக்கு விரைவுபடுத்தினால் இந்தத் தள்ளல் வெகுவாக அடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு நிலையத்தில் இந்த முறையையே கையாண்டு, சுமார் 150 ஃபெம்டோவிநாடி நுண்மையை எட்டினார்கள்.

எக்ஸ்-கதிர் மூலக்கூறின் எலக்ட்ரான் முகிலில் மட்டும் சிதறுகிறது. எலக்ட்ரான் கற்றையோ அணுக்கருவின் மின்னூட்டத்தையும் முகிலையும் சேர்த்து உணர்கிறது. ஆகவே இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இருவேறு கோணத்தில் பேசும் இரண்டு சாட்சிகள். வழக்கு மன்றத்தில் போலவே இங்கும் இரண்டு சாட்சிகள் ஒத்துப்போவது பெரும் பலம்.

வளையம் திறந்த கதை

இனி ஓர் உண்மை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சைக்ளோஹெக்சாடையீன் என்பது ஆறு கரிம அணுக்கள் வளையமாக அமைந்த மூலக்கூறு. புற ஊதா ஒளி பட்டால் அதன் ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று அறுந்து, வளையம் ஹெக்சாட்ரையீன் என்னும் சங்கிலியாகத் திறந்துகொள்கிறது. நம் தோலில் வெயில் படும்போது வைட்டமின் டி உண்டாவதற்கான முதற்படியும் இவ்வகை வளையத் திறப்புத்தான். வளையத்தின் இரு முனைகளும் எத்திசையில் முறுக்கிக்கொண்டு திறக்கும் என்பதை உட்வர்ட், ஹாஃப்மன் ஆகியோர் 1965-இல் விதிகளாக வகுத்தனர்.

2015-இல், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் வெபரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு எக்ஸ்-கதிர் லேசரைக் கொண்டு இந்த வளையத் திறப்பை ஆராய்ந்து வெளியிட்டனர். செய்தித்தாள்கள் 'மூலக்கூறுத் திரைப்படம்' என்று கொண்டாடியது இதையே. 2019-இல் அதே வினையை எலக்ட்ரான் கற்றையால் ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. அதில், பக்கத்து அணுக்களின் இடைவெளிக்கும் அடுத்த அணுக்களின் இடைவெளிக்கும் உரிய குறிகள் குறைந்து, 3 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட தூரங்களுக்கு உரிய குறி கூடுவது தெரிந்தது. வளையத்தில் அருகருகே இருந்த அணுக்கள் சங்கிலியில் தொலைவாகப் போய்விட்டன என்பதே இதன் பொருள். திறந்த சங்கிலியின் முனைகள் தொடர்ந்து சுழல்வதும் புலப்பட்டது.

இவை இரண்டும் சிறந்த ஆராய்ச்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'திரைப்படம்' என்ற சொல்லை இவற்றின்மேல் வைத்துப் பார்க்கும்போது நான்கு இடைவெளிகள் தோன்றுகின்றன.

நான்கு இடைவெளிகள்

முதலாவது, நாயகன் ஒருவன் அல்லன். 1878-இல் மைபிரிட்ஜ் என்பவர், ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருசேர நிலத்தை விட்டு எழுகின்றனவா என்பதை அறிய, 12 படப்பெட்டிகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். அது நடந்த பண்ணையின் நிலத்தில்தான் பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுந்தது. இத்துறையினர் அந்தக் குதிரையை உவமை காட்டுவதில் பெருமை கொள்கிறார்கள். ஆனால் மைபிரிட்ஜின் 12 படங்களும் ஒரே குதிரையின் ஒரே ஓட்டம். மூலக்கூறு ஆராய்ச்சியில், ஒவ்வொரு துடிப்புக்கும் எதிரே கோடிக்கணக்கான புதிய மூலக்கூறுகள் வந்து நிற்கின்றன. அவை ஒவ்வொரு திசையை நோக்கியிருக்கின்றன. லேசர் பட்டுக் கிளர்ந்தெழுபவையும் நூற்றுக்குச் சிலவே. ஒளியைக் கூட்டினால் கூடுதல் மூலக்கூறுகள் கிளரும் என்பது உண்மையே. ஆனால் ஒரே மூலக்கூறு பல ஒளித்துகள்களை விழுங்கி வேறு வழியில் சிதைந்துவிடும். ஆதலால் ஒளியை அடக்கியே வைக்க வேண்டியிருக்கிறது.

உவமையை இப்படித் திருத்திச் சொல்லலாம்: நூறு குதிரைகளில் ஐந்து மட்டும் ஓடுகின்றன, மற்றவை நிற்கின்றன, ஓடுகின்றவையும் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன, எல்லாவற்றையும் ஒரே தகட்டின்மேல் பதிவு செய்துவிட்டு, நிற்கும் குதிரைகளின் சாயலைக் கழித்து, மிச்சத்திலிருந்து ஓட்டத்தை அறிய வேண்டும்.

இரண்டாவது, படத் துண்டுகள் வரிசையில் வருவதில்லை. எக்ஸ்-கதிர்த் துடிப்பு மிக நீண்ட முடுக்கியிலிருந்து வருகிறது. லேசர்த் துடிப்பு வேறொரு கருவியிலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சிறிது பிசகுகிறது. ஆகவே ஒவ்வொரு துடிப்பின் வருகை நேரத்தையும் தனியே அளந்து வைத்துக்கொண்டு, பிறகு கணினியில் வரிசைப்படுத்துகிறார்கள். கலைந்துபோன ஏட்டுச்சுவடியைப் பக்க எண் பார்த்து அடுக்குவது போன்றது இது. இதில் குறை ஒன்றுமில்லை. எனினும் அடுக்கியவர் கை அங்கே இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது, பதிவாவது உருவமன்று. எக்ஸ்-கதிரையோ எலக்ட்ரானையோ குவித்து இம்மூலக்கூறின் உருவத்தை வரையும் வில்லை இந்தச் சோதனைகளில் இல்லை. உணர்கருவியில் விழுவது மங்கலான வட்டங்கள். அவற்றிலிருந்து கிடைப்பது அணு இணைகளின் தூரங்களைப் பற்றிய ஒரு வளைகோடு. நம் சைக்ளோஹெக்சாடையீனில் 6 கரிம அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. 14 அணுக்களின் அமைப்பை முற்றிலும் நிர்ணயிக்க 36 எண்கள் வேண்டும். 6 கரிம அணுக்களுக்கு இடையில் மட்டும் 15 தூரங்கள் இருக்கின்றன. அவற்றுள் பல ஒன்றோடொன்று நெருங்கியவை. ஒரே ஓர் எலக்ட்ரான் மட்டும் உள்ள ஹைட்ரஜனை எக்ஸ்-கதிர் ஏறக்குறைய காண்பதே இல்லை. ஒரு வளைகோட்டிலிருந்து நம்பிக்கையுடன் எடுக்கக்கூடிய தனித்த எண்கள் சிலவே. சில எண்களைக் கொண்டு 36 எண்களை எப்படி நிரப்புவது?

நான்காவது இடைவெளி இங்குதான் பிறக்கிறது. நிரப்புவது கணக்கு. 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், குவாண்டம் விதிகளின்படி மூலக்கூறு செல்லக்கூடிய பல பாதைகளைக் கணினியில் கணித்தார்கள். ஒவ்வொரு பாதைக்கும் எத்தகைய சிதறல் கிடைக்கும் என்று கண்டு, அளவீட்டோடு நன்கு பொருந்தும்படி பாதைகளுக்குப் பங்கு கொடுத்தார்கள். திரையில் நாம் காணும் உருண்டைகளின் அசைவு, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட கணக்குப் பாதையே.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே செய்முறை விளக்கப்பட்டிருக்கிறது. இடர் எங்கே என்றால், செய்தி பரவும் வழியில் இந்த விளக்கம் உதிர்ந்துவிடுகிறது. ஒரு தேர்வில், விடைத்தாளைப் பார்த்துப் பொருத்தமான விடையைப் பொறுக்கி எடுத்தவர், 'என் விடை சரியாக வந்தது. ஆகவே என் முறை சரி' என்று வாதிட முடியாது. அதுபோல, அளவீட்டைக் கொண்டு தேர்ந்தெடுத்த கணக்கை, அதே அளவீடு மெய்ப்பித்தது என்று சொல்வதும் முழுமையான நிரூபணமாகாது. அது பொருத்தத்தைக் காட்டுகிறது. வேறு எந்தப் பாதையும் பொருந்தாது என்று காட்டுவதில்லை.

அயோடின் வழக்கு

இவ்வாறான ஐயங்களை வெளியாரே எழுப்புகிறார்கள் என்று கருத வேண்டாம். துறைக்குள்ளேயே கூர்மையான விவாதம் நடந்திருக்கிறது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு நிலையத்தில் ஒரு குழு, அயோடின் மூலக்கூறைப் பச்சை ஒளியால் கிளறி, இரண்டு அணுக்களும் விலகி நெருங்குவதை எக்ஸ்-கதிரால் பதிவு செய்து, கட்டுரையின் தலைப்பிலேயே 'திரைப்படம்' என்ற சொல்லைச் சேர்த்து வெளியிட்டது. அயோடின் நல்ல தேர்வு: இரண்டே அணுக்கள், ஒவ்வொன்றிலும் 53 எலக்ட்ரான்கள், ஒரே ஒரு தூரம். மேலே கூறிய மூன்றாவது இடைவெளி இங்கே பெரும்பாலும் இல்லை.

அக்கட்டுரை மேலும் ஒரு கூற்றை முன்வைத்தது. கிளர்ந்த நிலையிலிருந்து சிதறும் அலையும், அதே மூலக்கூறின் கிளராத நிலையிலிருந்து சிதறும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன; அதனால் நலிந்த குறி பெருக்கப்படுகிறது என்பதே அது. 2017-இல் ஷால் முகமெலும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் அதே ஆய்விதழில் மறுப்பு எழுதினர். கிளர்ந்த நிலையும் கிளராத நிலையும் தெளிவாக வேறான எலக்ட்ரான் நிலைகள். கதிர் எந்த நிலையிலிருந்து சிதறியது என்ற அடையாளம் மூலக்கூறிலேயே தங்கிவிடுகிறது. அடையாளம் தங்கிய இடத்தில் அவ்வகைக் குறுக்கீடு நிகழாது. இரண்டு நிலைகளின் சிதறல்களும் வெறுமனே கூடுகின்றன. இது அவர்கள் வாதத்தின் சாரம். முதற்குழுவினரின் பதிலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

மாணவர்கள் இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அணுக்கள் அசைந்தன என்பதைப் பற்றி இங்கே வாதம் எழவில்லை. கருவியில் பதிவான குறி எங்கிருந்து எவ்வாறு பிறக்கிறது என்பதே வாதம். குறியை உருவமாக மாற்றும் சூத்திரம் தவறினால், வரும் உருவமும் தவறலாம். ஆனால் பார்க்கும் கண்ணுக்கு அது அழகாகவே இருக்கும். சாதாரணத் திரைப்படத்தில் படம் மங்கினால் நமக்கே தெரியும். இந்தத் திரைப்படத்தில் பிழை மங்கலாகத் தெரிவதில்லை; தெளிவாகவே தெரியும். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற நம் பழமொழி இங்கே எவ்வளவு பொருந்துகிறது!

பூட்டி வைத்த விடைத்தாள்

நோய்க்கு மருந்தும் துறைக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. சைக்ளோபியூட்டனோன் என்னும் நான்கு கரிம வளையமுள்ள மூலக்கூறைப் புற ஊதா ஒளியால் கிளறி, எலக்ட்ரான் கற்றையால் ஆராயும் சோதனை ஒன்று ஸ்டான்ஃபோர்டு நிலையத்தில் திட்டமிடப்பட்டது. அதற்கு முன்னதாகவே, உலகின் பல கணக்குக் குழுக்களுக்கு ஓர் அறைகூவல் விடப்பட்டது: சோதனை முடிவு தெரிவதற்கு முன்பே, இன்ன காலத்தில் இன்ன மாற்றம் நிகழும், கருவியில் இன்ன குறி தோன்றும் என்று எழுதிக் கொடுங்கள். அக்கணிப்புகள் 2024-இல் வேதி இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் வரிசையாக வெளிவந்தன.

அவற்றைப் படிப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. எல்லாரும் அதே குவாண்டம் விதிகளைத்தான் கையாண்டார்கள்; தோராயங்களை மட்டும் வெவ்வேறாகத் தெரிந்துகொண்டார்கள். ஆயினும் கிளர்ந்த நிலை எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்ற எளிய வினாவுக்கே, ஒரு குழுவின் விடை மற்றொன்றின் விடையைப் போலப் பல மடங்காக இருந்தது. நான்கு கரிம அணுக்களும் ஓர் ஆக்சிஜனும் ஆறு ஹைட்ரஜனும் கொண்ட சிறு மூலக்கூறுக்கே இந்நிலை. கண்ணின் விழித்திரையில் ஒளி பட்டதும் வடிவம் மாறும் ரெட்டினல், புற ஊதா ஒளியின் தாக்குதலைத் தாங்கும் டி.என்.ஏ. மூலங்கள் போன்ற பெரிய மூலக்கூறுகளில், கணக்கை மட்டும் நம்பிப் படம் வரைந்தால் என்ன ஆகும்? நம் உடலில் நடப்பவற்றைப் பற்றிய முடிவுகள் இதைச் சார்ந்தவை ஆகையால், இது பெயர் பற்றிய வீண் வழக்கு அன்று.

முன்கூட்டியே கணிப்பை வாங்கி வைத்துக்கொண்டு சோதனை செய்வது, விடைத்தாளைப் பூட்டி வைத்துத் தேர்வு நடத்துவதற்குச் சமம். இத்தகைய தேர்வில் பொருந்தும் கணக்குக்கே உண்மையான மதிப்பு உண்டு. இவ்வழக்கம் இத்துறையில் நிலைபெற வேண்டும்.

சாதனையும் உண்டு

குறைகளை எடுத்துச் சொன்ன நாம், நிறைகளையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். படத்தின் கவர்ச்சி இல்லாமலே தெளிவான விடை தந்த ஆராய்ச்சிகள் இத்துறையில் உண்டு. 2001-இல் செவேலின் குழு, இரண்டு அயோடின் அணுக்கள் கொண்ட ஒரு ஃபுளூரோகார்பனிலிருந்து ஒரு அயோடின் பிரிந்ததும், எஞ்சிய அயோடின் இரண்டு கரிமங்களுக்கும் நடுவே பாலம் போல நிற்கிறதா, ஒரு கரிமத்தோடு மட்டும் ஒட்டி நிற்கிறதா என்று எலக்ட்ரான் கற்றையிடம் கேட்டது. பாலம் இல்லை என்று விடை வந்தது. 2003-இல் கனடாவின் டொரான்டோவில் டுவைன் மில்லரின் குழு, மெல்லிய அலுமினியத் தகடு லேசர் பட்டதும் 3.5 பிக்கோவிநாடியில், அதாவது 3,500 ஃபெம்டோவிநாடியில், உருகி ஒழுங்கை இழக்கிறது என்று காட்டியது. இவை இரண்டிலும் வினா சிறியது, விடை திட்டமானது. அளவீடே முன்னின்று விடை சொல்லியது.

2020-இல் மேலும் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. அணுக்கருக்கள் இடம் பெயர்வதற்கு முன்பே, ஒளி பட்ட கணத்தில் எலக்ட்ரான் முகில் உருமாறுவதை வெபரின் குழு எக்ஸ்-கதிர்ச் சிதறலில் கண்டது. ஆராய்ந்த மூலக்கூறு அதே சைக்ளோஹெக்சாடையீன். பிரிடின் என்னும் மூலக்கூறில் எலக்ட்ரான் நிலையின் மாற்றத்தையும் அணுக்கருக்களின் அசைவையும் ஒரே சோதனையில் பிரித்தறிய முடியும் என்று எலக்ட்ரான் கற்றை ஆராய்ச்சி காட்டியது. இரண்டு சாட்சிகளும் வெவ்வேறு செய்தி தருகிறார்கள் என்று முன்னே கூறினோம் அல்லவா? அதன் பயன் இங்கே விளங்குகிறது.

படிப்போர்க்குச் சில வினாக்கள்

ஆகவே, இனி ஒரு 'மூலக்கூறுத் திரைப்படம்' பற்றிப் படிக்க நேர்ந்தால், மாணவர்கள் சில வினாக்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. நூற்றில் எத்தனை மூலக்கூறுகள் கிளர்ந்தன? காலத்தின் நுண்மை எவ்வளவு. காட்டப்படும் அசைவு அதனினும் விரைவானதா? நேரே அளக்கப்பட்ட தூரங்கள் எவை, கணக்கிலிருந்து வந்தவை எவை? கணக்கு அளவீட்டுக்கு முன்னர் எழுதப்பட்டதா, பின்னர் பொருத்தப்பட்டதா? வேறு பாதை எதுவும் பொருந்துமா என்று ஆராய்ந்தார்களா? இவற்றுக்கு விடை கட்டுரையில் இருந்தால் படத்தை நம்பிப் பார்க்கலாம். இல்லையென்றால், படம் ஓவியரின் கற்பனைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று கொள்ள வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டுமா? வழக்கில் வந்துவிட்ட சொல்லை விரட்டுவது எளிதன்று. 'அளந்து வரைந்த சித்திரம்' என்பது உண்மைக்கு இன்னும் நெருங்கியதாக இருக்கும். நில அளவையாளர் சில இடங்களில் சங்கிலி பிடித்து அளக்கிறார். எஞ்சியதைக் கணித்து வரைபடம் தீட்டுகிறார். வரைபடம் புகைப்படம் அன்று. அதனால் அதன் மதிப்புக் குறைவதும் இல்லை. அளந்த புள்ளிகள் எவை என்று அதில் குறித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நாம் கேட்பது. அசையும் வண்ணப் படங்களை வெளியிடும் ஆராய்ச்சி நிலையங்களும், அவற்றை எடுத்துப் போடும் இதழ்களும், அளந்த பகுதிக்கு ஒரு நிறம், கணித்த பகுதிக்கு வேறொரு நிறம் என்று காட்டும் எளிய வழக்கத்தை மேற்கொண்டால், பார்வையாளர் ஏமாற மாட்டார்; ஆராய்ச்சியாளரின் உழைப்பும் அதற்குரிய இடத்தில் மதிக்கப்படும்.